சொந்தக்காரர் இல்லாத மெஷின்கள்

"அதை எதுக்கு இணைக்கிறீங்க? மேனேஜர் கேட்டது மெஷின் விவரம் மட்டும்தானே?"

பக்கத்து நாற்காலி அக்காவின் குரல் லேசாக நடுங்கியது. அந்த நடுக்கத்துக்காகத்தான் அவன் காலையிலிருந்து காத்திருந்தான்.

அலுவலகத்தில் அவனுக்கு சி.ஐ.டி. என்று பெயர். காபி மெஷினில் பால் தீர்ந்துபோனால்கூடக் கடைசியாக யார் குடித்தது என்று விசாரிப்பான். கிண்டல் செய்தால் கோபப்பட மாட்டான். "சந்தேகப்பட ஒருத்தன் இருந்தாத்தான் சிஸ்டம் பத்திரமா இருக்கும்" என்பான்.

காலையில் மேனேஜர் அவனைக் கூப்பிட்டிருந்தார். "கிளவுட்ல நம்ம மெஷின் எதெது ஓடுதுன்னு எஸ்.க்யூ.எல்.லயே கேட்டுத் தெரிஞ்சுக்கற டூல் ஒண்ணு இருக்காமே. சாயங்காலத்துக்குள்ள போட்டுக் கொடுத்துடு. அப்படியே அக்காவுக்கும் சொல்லிக் கொடுத்துடு."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. டீம் லீடர் நாற்காலி இரண்டு மாதமாகக் காலியாகக் கிடக்கிறது. அதற்கு அவனும் அக்காவும்தான் போட்டி. முக்கியமான வேலையை நம்மிடம் தருகிறார், அக்காவை நம்மிடம் பாடம் கேட்கச் சொல்கிறார் என்றால் வேறென்ன அர்த்தம்?

டூலைப் போடுவது பெரிய காரியமாக இல்லை. இறக்கினான். கிளவுடுக்கான இணைப்பைச் சேர்த்தான். எதையும் மாற்ற முடியாத, படிக்க மட்டும் முடிகிற ஒரு சாவியை அதற்குக் கொடுத்தான். எஸ்.க்யூ.எல். என்கிற கேள்வி மொழியில் ஒரு வரி எழுதி என்டரைத் தட்டியதும், கம்பெனி இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுத்து எங்கெங்கோ ஓடவிட்டிருக்கும் கம்ப்யூட்டர் மெஷின்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் வந்து நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் சொந்தக்காரர் பெயர். யாராவது ஒருவர் பெயரைப் போடாமல் அங்கே யாரும் ஒரு மெஷினைக்கூட ஓடவிட முடியாது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அக்கா விஷயம் அவன் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

இந்த வாரம் முழுக்க அவள் நடவடிக்கை சரியில்லை. மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். வெளியே வந்தால் இவன் முகத்தைப் பார்ப்பதில்லை. நேற்று மாடிப்படியில் தன் தம்பியோடு போனில் கிசுகிசுத்ததை இவன் கீழ்ப்படியில் நின்று கேட்டுவிட்டான்.

"டேய், இப்ப எதுவும் அனுப்பிடாத. அவர் ஒரு சந்தேகப் பிராணி, மோப்பம் பிடிச்சுடுவார். நாளைக்குச் சாயங்காலம் நானே சொல்றேன்."

தம்பி புதிதாக சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்திருப்பது எல்லோருக்கும் தெரியும். புதுக் கம்பெனிக்கு மெஷின் வேண்டாமா? வேலையை விட்டுப் போனவர்கள் பெயரில் இங்கே நாலு மெஷினை ஓடவிட்டுத் தம்பிக்குத் தாரை வார்க்கிறாள். அவனுக்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்தி வந்தது.

பொறியும் கையிலேயே இருந்தது. அதே டூலோடு ஊழியர் விவர சிஸ்டத்தையும் இணைத்துவிட்டால் போதும். 'இப்போது வேலையில் இல்லாதவர் பெயரில் ஓடும் மெஷின்கள் எவை?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் குட்டு உடைந்துவிடும்.

அவன் இணைக்கும்போதுதான் அக்கா அப்படிக் கேட்டாள். இணைத்து முடித்துவிட்டு மெதுவாகத் திரும்பினான். "ஏன்க்கா, இணைச்சா என்ன?"

"இன்னிக்கு வேணாமே. நாளைக்கு ஓட்டிப் பார்க்கலாம்."

"நாளைக்குள்ள என்ன மாறிடப் போகுது?"

அக்கா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, சட்டென்று கீபோர்டின் மேல் கையை வைத்துவிட்டாள். "சொன்னாக் கேளுங்க. வாங்க, போய் ஒரு காபி குடிச்சுட்டு வரலாம்."

"காபி எங்கயும் ஓடிடாது. கையை எடுங்கக்கா. மடியில கனம் இல்லன்னா எதுக்கு இந்தப் பயம்?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். மேனேஜரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டும்போது என்ன சொல்ல வேண்டும் என்றுகூட அவன் யோசித்து வைத்திருந்தான். என்டரைத் தட்டினான்.

ஆறு மெஷின்கள் வந்தன. ஆறுக்கும் ஒரே சொந்தக்காரர். அவன்.

எழுத்துப் பிழையாக இருக்கும் என்று பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தான். ஊழியர் விவரத்தைத் தனியாகக் கேட்டுப் பார்த்தான். மேனேஜர் இருந்தார், அக்கா இருந்தாள், போன வாரம் சேர்ந்த வரவேற்பாளர்கூட இருந்தாள். அவன் மட்டும் இல்லை.

"டூல் தப்பாக் காட்டுதுக்கா."

"இல்ல, சரியாத்தான் காட்டுது. உங்களை வேலையை விட்டு அனுப்பறாங்க. காலையிலயே உங்க பேரை எடுத்துட்டாங்க. வேலையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்து முடிச்சப்புறம் சாயங்காலம் உங்களைக் கூப்பிட்டுச் சொல்றதா இருந்தாங்க. வாரம் பூரா மேனேஜர் ரூம்ல உங்களுக்காகக் கெஞ்சிப் பார்த்துட்டேன். அவர் மசியல."

அவனால் தலைநிமிர முடியவில்லை. அக்கா தன் செல்போனை எடுத்துத் தம்பியை அழைத்தாள்.

"டேய், சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க வேணாம். அவருக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. உன் கம்பெனி அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை இப்பவே அவருக்கு அனுப்பிடு."