கேட்டுக்கு வெளியே

இரும்புப் பட்டறைக்குள் ஓர் ஆள் செத்தால் ஓராண்டு பூட்டு. எங்களைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டம் வந்தது. நாங்கள் எல்லோரும் மாட்டியிருக்கும் கைப்பட்டையில் ஒருவன் நாடி நின்றதும் பட்டறைக் கதவு தானே பூட்டிக்கொள்ளும். கேட்டுக்கு வெளியே செத்தால் கணக்கில் வராது.

இன்று உருக்கிய இரும்புக் குழம்பு கொட்டி ஆறுச்சாமிக்கு இடுப்புக்குக் கீழே வெந்துவிட்டது. முதலாளி வாய் திறக்கும் முன்பே நாங்கள் அவனை இழுக்கத் தொடங்கினோம்.

"அசைக்காதீங்கடா, ஆம்புலன்ஸ் வரட்டும்!" என்று அலறி என் கையைக் கடித்தான்.

"அதுக்குள்ள நீ போயிட்டா அத்தன வீட்லயும் அடுப்பெரியாதுடா!" என்று அவன் வாயிலேயே குத்தினேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் பெண்டாட்டி மாராத்தா ஓடிவந்தாள். அவளும் இங்கேதான் வார்ப்புக்கு மண் சலிக்கிறாள். அடிப்பாள் என்று நான் கையை எடுத்தேன். அவள் குனிந்து அவன் தோள்களைப் பற்றிக் கேட்டை நோக்கி இழுத்தாள்.

"உசுரக் கையில புடிச்சுக்க மாமா," என்றாள். "இன்னும் ரெண்டடிதான்."