நான்கு மூலையிலும் மஞ்சள்

கவரைக் கல்லூரி ஆபீஸ் மேசைமேல் வைத்தேன். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த டோ மியா மியா மேடம் அதைத் தொடவில்லை, பார்த்தார்.

பிளேடால் ஒரே கோடாகக் கீறிய கவர். ஒட்டின இடத்தில் குத்தியிருந்த கல்லூரி முத்திரை இரண்டாகப் பிளந்திருந்தது.

உள்ளே என் மார்க் ஷீட். அதன் நான்கு மூலையிலும் மஞ்சள்.

வைத்தவர் என் அப்பா. நேற்று வாங்கிவந்த கவரை சாமி படத்துக்கு முன்னால் வைத்தது என் தப்பு. இன்று மத்தியானம் கிளம்பலாம் என்று எடுத்தால் இப்படி.

“நல்ல காரியத்துக்கு வெறும் காகிதமாம்மா போகும்? கல்யாணப் பத்திரிகைக்கே நாலு மூலையும் தடவித்தானே குடுக்கிறோம்” என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

பிரித்த கவர் செல்லாது. கல்லூரி ஒட்டிக் கொடுத்ததை அப்படியே கொண்டுபோய் நீட்ட வேண்டும், நான் சேரப்போகும் பல்கலைக்கழகத்து ஆள்தான் பிரிக்க வேண்டும். அதைக் கவர்மேலேயே கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. அப்பாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், பர்மா பாஷை தண்ணீர் பட்ட பாடு, ஆங்கிலம் மட்டும் வராது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பாங்காக்கிலிருந்து வந்திருக்கும் ஆள் இன்று நாலு மணிவரைதான் ஹோட்டலில் இருப்பார். இந்த இரண்டு வருடக் கல்லூரியில் நான் முடித்த பாடங்களை அங்கே ஏற்றுக்கொண்டாயிற்று. ஒட்டின மார்க் ஷீட்டைக் கொடுத்தால் நேராக மூன்றாம் வருஷம். கொடுக்காவிட்டால் முதல் வருஷத்திலிருந்து. நான்கு வருஷத்தை எங்கள் வீடு தாங்காது. அதோடு என் படிப்புக்கு முழுக்கு.

புதிதாக ஒன்று கேட்டால் பத்து நாள் ஆகும். அது விதி. எங்கள் கல்லூரியில் விதி என்றால் டோ மியா மியா.

தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசின அந்த முகத்தில் இரண்டு வருஷமாக நாங்கள் சிரிப்பைப் பார்த்ததில்லை. என் வகுப்பு மஞ்சுளாவும் நானும் வைத்த பெயர் சிடுமூஞ்சி. அவர் எதிரிலேயே சொல்வோம். சிடுமூஞ்சி இன்றைக்கு யாரைக் கடிக்கப் போகிறது என்று வரிசையில் நின்றபடியே பந்தயம் கட்டியிருக்கிறோம். தமிழ்தானே, யாருக்குப் புரியப் போகிறது.

இன்று கரண்டும் இல்லை. பிரிண்டர்மேல் யாரோ சாப்பாட்டு டப்பாவை வைத்திருந்தார்கள். மணி மூன்று பத்து.

அப்பா வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. போட்டாதாங்கில் பருப்புக் கிடங்கில் எடை போடுகிறவர் அவர். மூட்டையில் ஒரு கிலோ குறைந்தாலும் லாரியை நகரவிட மாட்டார். இப்போது தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் வீடிருக்கும் தாமுவேயிலிருந்து பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அவரைத் திட்டித் தீர்த்திருந்தேன். எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தார் மனுஷர். அதுதான் இப்போது எனக்கு வலித்தது.

“சயாமா” என்று பர்மா பாஷையில் ஆரம்பித்தேன். மேடம் என்கிற அந்த ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை, அழுகை வந்துவிட்டது.

டோ மியா மியா மார்க் ஷீட்டை வெளியே எடுத்தார். ஒரு மூலையை விரலால் தேய்த்தார். விரலைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக, வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்தார்.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அடி டிராயரைத் திறந்தார்.

ஒரு கவர். என் பெயர், நேற்றைய தேதி. ஒட்டின இடத்தில் முத்திரை முழுசாக வட்டமாக இருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தமிழில் பேசினார்.

“தமிழ் வீட்டுப் பிள்ளைங்களுக்கு நான் எப்பவும் ரெண்டு ஒட்டி வைப்பேன். எங்கப்பா கவரைப் பிரிச்சுக் குங்குமம் வச்சாரு. என் கவரு சிங்கப்பூர் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துச்சு.”

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு எங்கேயும் போகவில்லை போலிருக்கிறது. இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு, இரண்டு வருஷமாக அந்த வரிசையில் நின்று நாங்கள் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

கவரை வாங்கிக்கொண்டு திரும்பினேன். கூப்பிட்டார்.

“கவருக்கு உள்ளயே மஞ்சள் தடவியிருக்கு, பிரிக்க வேணாம்னு அப்பாகிட்ட சொல்லு. சிடுமூஞ்சி சொல்லிச்சுன்னு சொல்லு.”

சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு அடுத்த ஆளைப் பர்மா பாஷையில் அதட்ட ஆரம்பித்தார்.

டாக்ஸியில் அப்பாவிடம் சொன்னேன். முதல் பாதியை மட்டும். அவர் தலையாட்டினார். ஹோட்டல் வாசலில் இறங்கும்போது மணி மூன்று நாற்பது.

“ஒரு நிமிஷம் குடு” என்றார்.

கவரை ஒரு கணம் இறுக்கிப் பிடித்தேன். ஆனாலும் கொடுத்தேன். ஓரத்தை மட்டும் பிடித்து, கவரை மெல்ல மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

“இருக்கு” என்று சொல்லி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.