கடைசிப் பக்கம் மட்டும் தமிழ்

மலாயாவில் கம்யூனிஸ்டுகளைத் தேடும் அவசரகாலச் சோதனை. லாபு தோட்டத்துக் கேட்டில் பஞ்சாலை என்னும் ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸியின் பையைக் குடைந்த காவலர் செங்கோடன், ஒரு நோட்டை விரித்தார். பக்கமெல்லாம் இங்கிலீஷ். கடைசிப் பக்கம் மட்டும் தமிழ்.

“‘நான் போன பிறகு தலைமை சிட்டாளுக்கு.’ எங்க போறீங்க மிஸ்ஸி, காட்டுக்கா?”

“லண்டனுக்கு அண்ணே. மேட்ரன் படிப்பு. நான் இல்லாதப்ப ஆஸ்பத்திரியை யாரு நடத்துவான்னு பரீட்சையில எழுதணும்.”

“போன மாசம் டவுனுக்குன்னு சொல்லிட்டுப் போன உங்க ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், இப்பக் காட்டுல கம்யூனிஸ்டுக்குக் கட்டுப் போடுறான். சிட்டாளையும் கூட்டத்துல சேத்துட்டீங்களா?”

“எனக்கு உதவியா இருக்கிற அவளுக்கு, சிரம்பான் பெரியாஸ்பத்திரியில ஆறு மாசம் நர்ஸ் பயிற்சின்னு கடுதாசி வந்திருக்கு. புருஷன்கிட்ட கேக்கவே பயப்படுறா. எதையும் சந்தேகப்படுற மனுசனாம்.”

செங்கோடன் மீசையை முறுக்கினார்.

“லண்டன்காரனுக்குத் தமிழ் தெரியுமா? இதை மட்டும் ஏன் தமிழ்ல எழுதினீங்க?”

“அது லண்டனுக்கு இல்ல அண்ணே. தினமும் என் பையைக் குடையுறவருக்கு.”

செங்கோடன் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். நோட்டை மூடிக் கொடுத்துவிட்டுக் கேட்டைத் திறந்தார்.

“என் பொண்டாட்டி போகட்டும் மிஸ்ஸி. ஆனா அந்த சிரம்பான் கடுதாசியை நான் மொதல்ல பாக்கணும் லா!”