கழற்ற முடியாத கிளிப்

“எலிதான் பாய், சந்தேகமே இல்ல. அறுப்பு முடிஞ்சுபோச்சுல்ல? வயல்ல கெடந்த எலியெல்லாம் வண்டிக்குள்ள குடிவந்துடும்” என்றான் மெக்கானிக் குணசேகரன், வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்தபடியே.

“ஆமா தம்பி, நானும் சத்தம் கேட்டேன். கரக்கு கரக்குன்னு” என்று வாசற்படியில் நின்றுகொண்டு ஒத்து ஊதினாள் ஜன்னத் பீவி.

அவள் புருஷன் லியாகத் அலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஒரு மாசத்துல பெட்ரோல் ஒழுகுறது இது மூணாவது தடவை. நான் பெட்ரோல் போடுறது வண்டிக்கா, எலிக்கா?”

லியாகத் அலி இருபத்திரண்டு வருஷம் குவைத் பாலைவனத்தில் தண்ணீர் லாரி ஓட்டியவர். லாரியிலேயே சமையல், லாரியிலேயே தூக்கம். போன வருஷம் ஒரேயடியாகச் சொந்த ஊரான குடவாசலுக்குத் திரும்பியவர், முதல் காரியமாக ஒரு பழைய பெட்ரோல் வேனை வாங்கினார். சீட்டுகளைப் பிடுங்கிவிட்டுப் படுக்கை போட்டார், திரை மாட்டினார், ஒரு சின்ன கேஸ் அடுப்பும் வைத்தார்.

பீவியை அஜ்மீர் வரைக்கும் கூட்டிப்போகத்தான் இந்த ஏற்பாடு என்று ஊரெல்லாம் பேச்சு. வேன் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. மனுஷன் மட்டும் தினமும் அதற்குள்ளேயே படுத்து எழுந்துகொண்டிருந்தார். பாழாய்ப்போன பழக்கம், லேசில் விடுமா?

“நேத்து பெட்ரோல் வாடை தாங்காம வீட்டுக்குள்ள போய்ப் படுத்தேன் தம்பி. பஞ்சு மெத்தையில பொரண்டு பொரண்டு பாத்தேன், பொட்டுத் தூக்கமில்ல” என்றார்.

“தூங்காட்டிப் போவுது, உசுரோட இருக்கீங்கள்ல? மூடுன வண்டிக்குள்ள பெட்ரோல் ஆவி நின்னுச்சுன்னா, காலையில சுலைமானி டீ போட அடுப்பப் பத்தவைக்கிறப்ப ஒரு பொறி போதும் பாய். நல்லவேள, அக்கா இருக்காங்க.”

அது உண்மைதான். மூன்று தடவையும் வாடையை முதலில் பிடித்தவள் பீவிதான். பொழுது சாய்வதற்குள் கண்டுபிடித்து, ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே ஒரு அலுமினியச் சட்டியை வைத்து, புருஷனை உள்ளே வரச் சொல்லிவிடுவாள்.

மெக்கானிக்குக் குடிக்கக் கொடுக்க, பீவி படியில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் நறுக்கினாள். கத்தியின் நுனி ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தது.

“என்னக்கா, இத வச்சு ஆணி புடுங்குனீங்களா?”

“தேங்கா நோண்டுனது” என்று கத்தியைச் சட்டென்று முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள் பீவி.

“மக ஷமீரா நாகூர்லேர்ந்து வந்தா நல்ல கத்தியா வாங்கியாரச் சொல்லுங்க. அவ்வளோ பெரிய வீட்டுல ரெண்டே பேரு, ஒரு கத்தி கூடவா நல்லதா இருக்கக் கூடாது?”

“ரெண்டு பேரா? இருவத்திரெண்டு வருசம் போன்ல குடும்பம் நடத்துனோம். இப்ப வாசல்ல நடத்துறோம்” என்றாள். குணசேகரன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

சர்பத்தைக் குடித்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி வேனுக்கு அடியில் போனவன், சற்று நேரத்தில் முகம் தொங்கிப்போய் வெளியே வந்தான். “பாய், எலி மேல அபாண்டமாப் பழி போட்டுட்டேன். பெட்ரோல் வர்ற ஓஸ்ல ஒரு பல்லுத் தடம் இல்ல. அத இறுக்கிப் புடிக்கிற திருகு கிளிப்புதான் நாலு சுத்து லூசாக் கெடக்கு.”

“வண்டி ஓடுனாத்தானே ஆட்டத்துல லூசாவும்? இது நின்ன எடத்துலயே நிக்கிதே!”

“அப்ப நான்தான் சரியா முறுக்காம விட்டுருக்கேன். பன்னெண்டு வருசமா ஸ்பேனர் புடிக்கிறவன், வெக்கமா இருக்கு பாய்.”

அவமானம் தாங்காமல் பையைக் கொட்டித் தேடி ஒரு புது ஓஸையும், திருகே இல்லாத இரும்பு வளையம் ஒன்றையும் எடுத்தான். “இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்குறான், பழைய ரப்பர் தாங்காது. அதனால ஓஸையும் மாத்திடுறேன். இந்தக் கிளிப்பு அழுத்திப் புடிக்கிறது. ஒருதடவ போட்டா வெட்டித்தான் எடுக்கணும். இனிமே சொட்டு ஒழுகாது. ஆயுசுக்கும் நிம்மதியா வண்டியிலயே தூங்கலாம்.”

“அல்ஹம்துலில்லாஹ்! அதைச் செய் மொதல்ல” என்றார் லியாகத் அலி. பள்ளிவாசலில் பாங்கு சொல்லவே, தொப்பியை மாட்டிக்கொண்டு தெம்பாகக் கிளம்பிப் போனார்.

அவர் தெரு முனை திரும்பும்வரை பீவி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வேனுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். “அந்தக் கிளிப்பைக் கழட்டவே முடியாதா தம்பி?”

“யாராலயும் முடியாதுக்கா.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஓஸ மட்டும் மாத்துங்க. பழைய கிளிப்பே இருக்கட்டும்.”

“என்னக்கா பேசுறீங்க? அது திரும்ப லூசாகி ஒழுகும்! பாயோட உசுரு விசயம்.”

முக்காட்டுக்குள்ளிருந்து அந்தக் கத்தியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள் பீவி. அதன் முறுக்கிய நுனி, பழைய கிளிப்புத் திருகின் தலையிலிருந்த காடிக்குள் கச்சிதமாகப் போகும்போல் இருந்தது.

“ஒழுகுற அன்னிக்குத்தான் தம்பி, அவங்க வீட்டுக்குள்ள வந்து படுக்குறாங்க.”