சொல்லாத இருபது

மாமனார் டோமினோக் கட்டையை வைத்தார். கையை எடுத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

மருமகள் வைத்தால் கடலை விழுகிறது. சம்பந்தியம்மா வைத்தால் கடலை கொட்டுகிறது. அவர் வைத்தால் மட்டும் கட்டை கட்டையாகவே கிடக்கிறது.

"ஆறுக்குப் பக்கத்துல ஆறுதானே வெச்சேன்?"

"அது போதாதுங்க மாமா. ரெண்டு முனையையும் கூட்டுங்க. அஞ்சு, பத்து, பதினஞ்சுன்னு வரோணும். அஞ்சுக்கு ஒரு கடலை." மாவுக்கட்டுப் போட்ட காலை சோபாவில் நீட்டியிருந்த மருமகள் நிறைமதி, கொண்டைக்கடலைக் கிண்ணத்தைத் தட்டிக் காட்டினாள். "வந்துச்சுன்னா வாயத் தொறந்து சொல்லோணும். சொல்லாம விட்டா அடுத்த ஆள் சொல்லி எடுத்துக்கலாம்."

டோமினோவைக் கண்டுபிடித்தவன் கொள்ளைக்காரனாகத்தான் இருக்கவேண்டும்.

சம்பந்தியம்மாவோ அந்தக் கொள்ளைக்காகவே பிறந்தவர். மகள் ஒரு தும்மல் தும்மினாள். தும்மி முடிப்பதற்குள் அவளுடைய பத்து பறிபோனது. பெற்ற மகள். கால் முறிந்த மகள். அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் அந்தம்மா இங்கே வந்ததே.

"சும்மா உக்காந்திருந்தா இப்படித்தான் கண்ணு."

அன்று மகளிடம் பிடுங்கியதை மட்டும் வேகவைத்தால் கோயமுத்தூர் முழுக்கச் சுண்டல் கொடுக்கலாம்.

அவரிடமிருந்து?

ஒரு கடலைகூட இல்லை.

அவரும் கோட்டை விடாமல் இல்லை. ஒரு பத்தை விட்டார். இரண்டு பதினைந்தை விட்டார். ஒவ்வொரு முறையும் அந்தம்மாவின் உதடு கூட்டியது. பிறகு கண் ஜன்னலுக்குப் போனது.

அவருக்குக் குழம்பியது.

கண் தெரியவில்லையா? எதிர் மாடியில் காயும் மிளகாயை இங்கிருந்தே எண்ணிவிடும் கண் அது.

இந்த ஆளுக்குக் கணக்கு வராது, பாவம், என்று விட்டுவிட்டாரா?

நெடுநேரம் கழித்துத்தான் உறைத்தது.

மாப்பிள்ளையின் அப்பா. பெண் கொடுத்த வீட்டார் அவரிடம் கைநீட்டிப் பிடுங்குவதாவது.

வந்த நாளிலிருந்தே இதே கதை. அவர் கூடத்துக்கு வந்தால் அந்தம்மா எழுந்து நிற்கிறார். அவர் இருமினால் வெந்நீர் வருகிறது. பதிலுக்கு அவரும் லுங்கியை ஒளித்துவைத்துவிட்டு, சலவை வேட்டியில், கல்யாணப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். சொந்த வீட்டில். சோறு தீர்ந்தால் இன்னும் கொஞ்சம் என்று கேட்கவும் கூச்சம்.

அவருக்கு வேண்டியது ஒரே ஓர் ஆட்டம். மரியாதை இல்லாத ஆட்டம்.

கடைசி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவருக்கு இன்னும் இரண்டு கடலை வந்தால் ஜெயம். அந்தம்மாவுக்கு நான்கு.

ஒரு முனையில் இரட்டை நாலு குறுக்கே கிடந்தது. குறுக்கே கிடந்தால் இரண்டு பக்கமும் கணக்கு. எட்டு.

மறுமுனையில் ஆறு.

அவர் கையில் இரட்டை ஆறு.

வைத்தார். குறுக்கே.

எட்டும் பன்னிரண்டும். அவருக்கே தெரிந்தது. இதற்கு மேல் பெரிய எண் இந்த ஆட்டத்தில் விழாது.

சொன்னால் ஜெயம்.

வாயை மூடிக்கொண்டார்.

நிறைமதி வாயைத் திறந்தாள். அவர் ஒரு பார்வை பார்த்தார். அவளும் மூடிக்கொண்டாள்.

அடுத்து வைக்கவேண்டியது அந்தம்மா. கட்டையை எடுத்தார். வைக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். இரட்டை ஆறைப் பார்த்தார். மறுபடியும் ஜன்னல்.

அவர் இன்றுதான் எண் படிக்கத் தொடங்கியவர்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

மின்விசிறி ஒரு யுகம் சுற்றியது.

"சம்பந்தி... நீங்க ஏதாச்சும் சொல்லோணுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க."

"நல்லாப் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேனுங்க."

அந்தம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். தொண்டையைச் செருமினார்.

"அப்படீன்னா, இருபதுங்க. எனக்குங்க."

கிண்ணத்திலிருந்து நான்கு கடலை. ஒவ்வொன்றாக எடுத்தார். ஒன்றைக்கூடத் திருப்பி வைக்கவில்லை.

அவர் டீப்பாய்க்கு அடியில் காலை நீட்டினார். முழு நீளத்துக்கும்.

"சம்பந்தி, மத்தியானம் ரசத்துல உப்பு கொஞ்சம் தூக்கலுங்க."

நிறைமதி தன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தம்மா எழுந்து உள்ளே போகவில்லை.

கட்டைகளைக் கவிழ்த்து, இன்னோர் ஆட்டத்துக்குக் கலைக்க ஆரம்பித்தார். கீழ்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.