கடைசிக் கட்டில்

“அந்தக் கட்டிலுக்கு யாருக்க பேரும் எழுதாண்டாம் அண்ணாச்சி! நான் சிஸ்டர்கிட்ட முதல்லயே சொல்லியாச்சு!”

ஏணியில் நின்றபடி ஷிஜா கத்தினாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கீழே அனந்தகிருஷ்ணன் தூரிகையைப் பெயிண்ட் டப்பாவின் விளிம்பில் துடைத்தார். “இன்னும் எழுதல்லியே பிள்ளே.”

அமரவிளை செக்போஸ்டில் தினமும் காலை ஐந்து மணிக்குக் கூடி, நெய்யாற்றின்கரை வரை ஓடித் திரும்புகிற கூட்டம் அது. பாதிப் பேர் போலீஸ் வேலைக்கு ஓடினார்கள். அனந்தகிருஷ்ணன் சர்க்கரை வியாதிக்கு ஓடுவதாகச் சொன்னார். இன்று எல்லோரும் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்காக இந்த அபய இல்லத்துக்கு வந்திருந்தார்கள்.

வீடில்லாதவர்கள் தங்குகிற இல்லம். சுவருக்கு வெள்ளையடித்து, ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் பெயர் எழுத வேண்டும். பெயர் எழுதிவிட்டால் கட்டில் அவருக்குத்தான், சாகிறவரை அழிப்பதில்லை.

பெண்கள் கூடத்துக்கும் ஆண்கள் கூடத்துக்கும் நடுவில், வராந்தாவில், பெயரில்லாத ஒரே ஒரு இரும்புக் கட்டில் கிடந்தது.

ஷிஜா இறங்கி சிஸ்டர் வயலட்டிடம் ஓடினாள். “சிஸ்டர், செல்லபாய்க்குத் தாறேன்னு சொன்னீங்க இல்லியா?”

“அனந்தகிருஷ்ணன் சாரும் ஒரு ஆளுக்குக் கேக்காரே! ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. பேரில்லாத கட்டிலுக்கு நாளைக்கு டவுன்ல இருந்து ஆளக் கொண்டு வருவாவ. ஆறு மணிக்கு ஜெபமணி அடிக்கதுக்குள்ள பேரு சுவத்தில இருக்கணும்.”

அப்போதே மாலை ஐந்தேகால்.

ஷிஜா திரும்பி வந்தாள். “அமரவிளையில அடைச்சுப் போட்ட கடைக்க வராந்தாவில செல்லபாய்னு ஒரு வயசான தள்ளை கிடக்கா அண்ணாச்சி. ராத்திரியெல்லாம் இருமலு. நாளைக்கு வராந்தாவப் பலக வச்சு அடைக்கப் போறாவளாம்.”

“தெரியும்.”

“உங்க ஆளு யாரு?”

“ஒருத்தன். பெருங்கடவிளைக்காரன். சொத்தெல்லாம் கூடப்பிறந்தவனுவ கைக்குப் போயாச்சு.”

“வயசு?”

“அம்பத்தி மூணு.”

“கையும் காலும் நல்லா உண்டா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “உண்டு. ஓடுவான்.”

“பின்ன என்ன? ஓடுதவனுக்கு எதுக்கு அண்ணாச்சி கட்டிலு?” ஷிஜா கட்டிலின் முன்னால் போய் நின்றாள். “எல்லாத்திலயும் உங்களப் போல பெரிய வீட்டுக்காரங்க சொன்னாத்தான் நடக்கும் இல்லியா?”

குழுத் தலைவன் ராபின்சன் கப்பைக் கிழங்குத் தட்டோடு வந்தான். “சண்ட போடாதிய. அண்ணாச்சி, இந்தாங்க, ரெண்டாவது தட்டு. வீட்டுல மதினி சமைக்காதா, எப்பவும் வயிறு காலிதானா?”

எல்லோரும் சிரித்தார்கள். அனந்தகிருஷ்ணனும் சிரித்தார். ஷிஜா சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தரை. ஒரு நட்சத்திரத்தைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். ஐந்தே முக்கால்.

கட்டில் நகரும் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தாள்.

அனந்தகிருஷ்ணனும் ராபின்சனும் கட்டிலைப் பெண்கள் கூடத்துக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜன்னலோரம் போட்டார்கள். அனந்தகிருஷ்ணன் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, அதன் மேல் நிதானமாக எழுதினார்: செல்லபாய். அச்சடித்ததுபோல் இருந்தது.

“போ பிள்ளே. கூட்டிட்டு வா. இருட்டப் போவுது.”

ஷிஜா கதவு வரை போய்த் திரும்பினாள். “உங்க ஆளுக்கு நான் வேற இடம் கேட்டுப் பாக்கேன் அண்ணாச்சி.”

“பாத்துக்கலாம்.”

இரண்டு கிலோமீட்டர். போலீஸ் தேர்வுக்குக்கூட அவள் அப்படி ஓடியதில்லை.

கடை வராந்தாவில் செல்லபாய் குளிருக்குச் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பலகைகள் வந்து இறங்கியிருந்தன.

“எந்திரிங்க தள்ளே! கட்டிலு கிடச்சாச்சு! உங்க பேரு சுவத்தில எழுதியாச்சு!”

மூச்சு வாங்க ஷிஜா சாமான்களை அள்ளினாள். ஒரு போர்வை, ஒரு சாக்கு, ஒரு சட்டி. மூலையில் இன்னொரு சாக்கு, நாலாக மடித்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அதையும் எடுத்தாள்.

“அத வையி மக்ளே, அது எனக்கதில்ல.”

“பின்ன யாருக்க?”

“விடியதுக்கு முன்ன எந்திச்சு, குழாயில குளிச்சு, சாக்க மடக்கி வச்சிட்டு, உங்க கூட ஓட வந்து நிப்பாரே, அந்த அண்ணாச்சிக்க படுக்கையாக்கும். ஆருட்டயும் சொல்லப்பிடாதுன்னாரு.” செல்லபாய் பலகைகளைப் பார்த்தாள். “நாளைக்கு இத அடச்சா, அவரு எங்க மக்ளே கிடப்பாரு?”