நாற்பத்தோராவது சுற்றின் சீட்டு

மேசைக்கடியில் அவன் கை நீண்டது.

அவள் நோட்டிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்து அந்த உள்ளங்கையில் வைத்தாள்.

“மார்செலைப் பாருங்க, டயர் முடிஞ்சுது. இன்னும் ரெண்டு சுத்துக்குள்ள மாத்த வந்துருவானுங்க,” என்றான் நவநீதன், கேமராவைப் பார்த்து.

சொன்னபடியே அடுத்த இரண்டாவது சுற்றில் மார்செல் டயர் மாற்ற வந்தான்.

திரையோரத்தில் பாராட்டு கொட்டியது. அண்ணா கில்லி. அண்ணன் சொன்னா நடக்கும்.

“அதெல்லாம் அப்படியே மனசுல பட்டுருமுங்க.”

மனசில் படுகிறதாம்!

ஞாயிற்றுக்கிழமை மாலை. கோயம்புத்தூர் கணபதியில் அவர்கள் வீட்டு முன்னறை. டிவியில் கார் பந்தயம் ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே நவநீதன் யூடியூப் நேரலையில் தமிழில் பேசுவான். மூன்று வருடமாக இப்படித்தான்.

கேமராவுக்கு அவன் மட்டும் தெரிவான். முட்டி இடிக்கும் தூரத்தில் அவன் மனைவி உட்கார்ந்திருப்பது தெரியாது.

ஒவ்வொரு காரும் ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி எடுக்கிறது என்று அவள் நோட்டில் எழுதிக்கொண்டே போவாள். நொடி கூடினால் டயர் தேய்கிறது. யார் எப்போது டயர் மாற்றுவான், யார் யாரை முந்துவான், எல்லாம் அந்த நோட்டிலிருந்துதான் வரும். அதைச் சீட்டில் எழுதி நீட்டுவாள்.

அவன் பேசுகிற மாதிரியே, ‘ங்க’ போட்டு எழுத வேண்டும். முன்கூட்டிப் படித்துப் பார்க்க அவனுக்கு நேரம் இருக்காது. கைக்கு வந்தது அப்படியே வாய்க்குப் போய்விடும்.

இன்று ஒரு விளையாட்டுச் சேனலின் ஆள் நேரலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த சீசனுக்கு அவர்களுக்குத் தமிழ் வர்ணனையாளர் வேண்டும்.

“ரெண்டு பேர் பேரையும் போட்டுத்தான் அனுப்புவேன்” என்று விண்ணப்பத்தைப் பற்றி நவநீதன் அவளிடம் சொல்லியிருந்தான்.

அனுப்பிய மெயிலைக் காலையில்தான் பார்த்தாள். ஒரு பேர்தான் இருந்தது.

கேட்டாள்.

“மொதல்ல நான் உள்ள போயிக்கறேன். அப்புறம் உன்னையக் கூப்பிட்டுக்கறேன்.”

அப்புறமாம். அவனுடைய அப்புறம் எதுவும் இதுவரை வந்ததில்லை.

அவனுக்குப் போட்டு வைத்த டீ மேசையோரத்தில் ஆறிக்கொண்டிருந்தது.

முப்பத்தெட்டாவது சுற்று.

ஓரியன் அணியின் இரண்டு கார்களும் முன்னால். யூஹோ முதலிடம். அதே அணியின் மார்செல் அவனுக்குப் பின்னால். மூன்றாவதாக ஹால்டன் அணி.

ஓரியன் அணி தன் ஓட்டுநரிடம் பேசும் ரேடியோ டிவியில் கரகரத்தது. சாம்பியன் பட்டத்துக்குப் போட்டியில் இருப்பது மார்செல். யூஹோ, வழி விடு, இது டீம் ஆர்டர்.

யூஹோ நேர்ப்பாதையில் காரை ஓரம் கட்டினான். மார்செல் போனான்.

திரையோரம் பற்றிக்கொண்டது.

ஹால்டன் ரசிகன் ஒருவன்: இதுக்குப் பேரு பந்தயமா? வெக்கமா இல்ல?

ஓரியன் ரசிகன் ஒருவன்: போன வருசம் உங்காளுக பண்ணலையா? மூடுடா.

யாரோ ஒருவன் மட்டும் எழுதினான்: பாவம்டா யூஹோ.

நவநீதன் சிரித்தான்.

“இதுல என்னங்க பாவம்? டீமுன்னு வந்துட்டா ஒருத்தன் ஜெயிச்சா எல்லாரும் ஜெயிச்ச மாதிரி. விட்டுக் குடுக்கறவன்தான் பெரிய மனுசன்.”

இது சீட்டில் இல்லாதது. அவனாகச் சொன்னது.

அவள் பேனாவின் மூடியைக் கடித்தாள். வாயில் வந்ததைச் சொல்ல முடியாது, மைக் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது ஒருவன் கேட்டான்: அண்ணா, பக்கத்துல ஒரு கை தெரிஞ்சுதே, யாரு?

“வீட்லீங்க. டீ குடுக்க வந்தாங்க.”

அவள் அவனைப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை.

நாற்பத்தோராவது சுற்று. கை நீண்டது.

வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எழுதினாள். கிழித்து வைத்தாள்.

“அடுத்து முக்கியமான விசயமுங்க,” என்று ஆரம்பித்து, கண்ணைச் சீட்டில் ஓட்டி, அதே வேகத்தில் படித்தான். “மூணு வருசமா நான் சொன்ன கணிப்பு எல்லாமே என் பொண்டாட்டி எழுதிக் குடுத்ததுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

சட்டென நிறுத்தினான்.



அவள் நிமிர்ந்து பார்த்தாள். சொல்லிவிட்டான். தெரியாமலானாலும் அவன் வாயாலேயே சொல்லிவிட்டான்.

நவநீதன் முகத்தில் சிரிப்பு மெல்ல விரிந்தது.

“அப்படீன்னு படிக்கச் சொல்லி எங்கூட்டு டீம் ஆர்டருங்க! விட்டுக் குடுத்துட்டேன், பாத்துக்கங்க!”

திரையோரம் சிரிப்பில் குலுங்கியது. அண்ணி செம. அண்ணன் நெலமைய பாருங்கடா. எல்லா வீட்லயும் இதே கதைதான் அண்ணா.

சேனல்காரரும் எழுதினார்: அருமையான டைமிங் சார். இதைத்தான் தேடிட்டிருந்தோம்.

அவள் குனிந்து நோட்டைப் பார்த்தாள். கண் கலங்கியதில் எண்கள் நெளிந்தன. துடைத்துக்கொண்டு எழுதினாள். என்ன செய்வது, கை பழகிவிட்டது.

மார்செலின் நொடி கூடிக்கொண்டே போனது. மற்றவர்களைவிடச் சீக்கிரம் மாற்றிய டயர், மறுபடி தேய்ந்துவிட்டது. பின்னால், யூஹோவை முந்திவிட்ட ஹால்டன் கார் சுற்றுக்கு அரை நொடி நெருங்கியது. அது மார்செலை எந்தச் சுற்றில், எந்த வளைவில் முந்தும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த நேரலையில் வேறு யாருக்கும் தெரியாது.

ஐம்பத்திரண்டாவது சுற்று. இன்னும் நான்குதான் பாக்கி.

சேனல்காரர் மறுபடி எழுதினார்: மார்செல் தாக்குப்பிடிப்பானா? உங்க கணிப்பைச் சொல்லுங்க சார். எங்க எம்.டி.யும் பாக்கறாங்க.

“இதோ சொல்றேனுங்க,” என்றான் நவநீதன்.

மேசைக்கடியில் கை நீண்டது. விரல்கள் அவசரமாக ஆடின.

அவள் நோட்டை மூடினாள்.

டீ ஆடை கட்டியிருந்தது. டம்ளரை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து கேமராவைப் பார்த்தான்.

“அது வந்துங்க...” என்றான்.